ஃப்ரீலான்ஸ்: ஈட்டி எங்கிருந்து வந்தது, தமிழில் என்ன சொல்வது?

#1 மெய்ப்புநோக்கி

ஒரு கலைச்சொல் பட்டியலில் 'ஃப்ரீலான்ஸ்' (ஒரே இடத்தில் நிலையாகச் சேராமல் பலருக்கும் வேலை செய்துகொடுப்பது) என்ற பதிவு மட்டும் பாதியில் நிற்கிறது. இடிக்கும் இடங்கள் இவை.

'ஃப்ரீ' என்பதை 'இலவசம்' என்று எடுக்கக்கூடாது என்பது தெரியும். 'சுதந்திரமான' என்று எடுத்தால், எதிலிருந்து சுதந்திரம்? 'லான்ஸ்' உண்மையிலேயே ஈட்டிதானா, 'லைசென்ஸ்' போன்ற ஏதோ ஒன்று தேய்ந்து வந்ததா? முதல் பதிவு 1809 என்று சில பக்கங்களும், 1819 என்று சிலவும், 1820 என்று சிலவும் சொல்கின்றன. எது சரி?

பட்டியலில் ஏற்கெனவே இருந்த 'பகுதிநேரப் பணியாளர்' என்பதை அடித்தாயிற்று. அந்த இடத்தில் எதை வைப்பது என்றும் சொல்லுங்கள்.

#2 வேர்தேடி

ஈட்டிதான். லைசென்ஸ் கதைக்கு எந்த ஆதாரமும் இல்லை.

அகராதிகள் பொதுவாகக் காட்டும் முதல் ஆட்சி, அதாவது சொல் முதலில் எழுத்தில் வந்த இடம், வால்டர் ஸ்காட் எழுதிய 'ஐவன்ஹோ' நாவல். கதை நடப்பது 1194இல், சிங்கநெஞ்சன் ரிச்சர்ட் சிறையிலிருந்து மீண்டு வரும் காலத்தில். அதில் மாரிஸ் டி பிரேசி என்றொரு கூலிப்படைத் தலைவன். நாவலின் பிற்பகுதியில் அவன் சொல்வதன் சாரம்: என் 'ஃப்ரீ லான்ஸ்' வீரர்களின் சேவையை ரிச்சர்டுக்குத் தர முன்வந்தேன், அவர் மறுத்துவிட்டார்; இவர்களை ஹல் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய்க் கப்பலைப் பிடித்து ஃபிளாண்டர்ஸ் போய்விடுவேன்; இந்த அமளியான காலத்தில் செயல்வீரனுக்கு எப்போதும் வேலை கிடைக்கும்.

இந்தச் சொல் புழக்கத்துக்கு வரும் வாக்கியத்திலேயே வாடிக்கையாளர் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுகிறார், இவன் அடுத்த வாடிக்கையாளரைத் தேடிக் கிளம்புகிறான். இன்றைய பொருள் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

எதிலிருந்து விடுதலை என்ற கேள்விக்கும் பதில் அங்கேயே கிடைக்கிறது. டி பிரேசியின் ஆட்கள் சும்மா சண்டை போடுகிறவர்கள் இல்லை, காசுக்குத்தான் போடுகிறார்கள். அவர்களுக்கு வேலை இல்லாமலும் இல்லை. இல்லாதது ஒன்றே ஒன்று: ஒரு பிரபுவின் முன் மண்டியிட்டு 'உன் ஆள்' என்று செய்துகொடுக்கும் சத்தியம். நிலம் பெற்றுக்கொண்டு அதற்குப் பதிலாகப் போருக்கு வருகிற குடிப்படை வீரனுக்கு அந்தக் கட்டு உண்டு. இவனுக்கு இல்லை. ஆக, 'ஃப்ரீ' என்பது விசுவாசப் பிரமாணத்திலிருந்து விடுபட்ட நிலை. கூலியிலிருந்தும் விடுதலை இல்லை, வேலையிலிருந்தும் விடுதலை இல்லை.

இன்னும் ஆழத்துக்குப் போனால் ஒரு வேடிக்கை. 'ஃப்ரீ' பழைய ஆங்கிலத்தில் 'ஃப்ரேஓ'. அதன் மூல வேருக்குப் பொருள் 'நேசித்தல்'. நண்பனைக் குறிக்கும் 'ஃப்ரெண்ட்' அதே வேரில் வந்தது. சமஸ்கிருதத்தில் அதன் உறவுச் சொல் 'ப்ரிய'. நாம் சொல்லும் 'பிரியம்' அதிலிருந்து வந்ததுதான். வீட்டில் அடிமைகளும் இருந்த காலத்தில், 'நம்மவர், அன்புக்குரியவர்' என்ற பொருள் 'அடிமையல்லாதவர்' என்று திரும்பியது. காசு கேட்காத 'ஃப்ரீ' மிகவும் பிந்தி வந்த கிளை.

#3 சும்மாஇரு

அப்படியென்றால் 'பிரியமான ஈட்டி'. வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம், கட்டணம் கூடுகிறதா என்று.

#4 பழம்பட்டயம்

வேர்தேடி சொன்னதில் ஒரு திருத்தமும் ஒரு சேர்க்கையும்.

திருத்தம்: ஸ்காட் கதையை 1194இல் வைத்தாலும் சொல் அந்தக் காலத்தது அல்ல. 12ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட படைகளுக்கு 'ரூட்டியே', 'பிரபான்சோன்' போன்ற பெயர்கள் வழங்கின. 1179இல் மூன்றாம் லாத்தரன் திருச்சபைக் கூட்டம் இவர்களைப் பெயர் சொல்லியே கண்டித்தது. ரிச்சர்டிடமே மெர்காடியே என்ற கூலிப்படைத் தலைவன் இருந்தான். எனவே டி பிரேசியை மறுத்த ரிச்சர்ட் கதையில் மட்டும்தான் அவ்வளவு கறார். 'ஃப்ரீ லான்ஸ்' என்பது 19ஆம் நூற்றாண்டுக்காரர் இடைக்காலத்துக்குத் தைத்துக்கொடுத்த சட்டை. அதே நாவலில் 'ஃப்ரீ கம்பானியன்ஸ்' என்ற பெயரும் இவர்களுக்கு வருகிறது. 14ஆம் நூற்றாண்டின் 'சுதந்திரக் கும்பல்கள்' நினைவில்தான் அவர் எழுதியிருக்க வேண்டும். 1360இல் இங்கிலாந்தும் பிரான்சும் செய்துகொண்ட பிரெத்திஞி உடன்படிக்கையால் சண்டை நின்றதும் சம்பளம் நின்றுபோன வீரர்கள் கும்பல் சேர்ந்து பிரான்சைச் சூறையாடினார்கள். 1362இல் பிரிஞே என்ற இடத்தில் அரசப் படையையே தோற்கடித்தார்கள். வேலை தீர்ந்த ஃப்ரீலான்சர்கள் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு பாடம்.

சேர்க்கை: 'லான்ஸ்' என்பது ஆயுதம் மட்டும் அல்ல, கணக்கு அலகும்கூட. 'நூறு லான்ஸ்' என்றால் நூறு ஈட்டி என்றோ நூறு பேர் என்றோ பொருள் ஆகாது. பிரான்சில் ஏழாம் சார்லஸ் 1445இல் அமைத்த நிலைப்படையில் ஒரு லான்ஸுக்கு ஆறு பேர்: கவசம் பூண்ட குதிரைவீரன், குறுவாள் வைத்த துணைவீரன், ஏவலாள், இரண்டு வில்லாளிகள், அவர்களுக்கு ஒரு வேலையாள். ஒரு அணிக்கு 100 லான்ஸ், அதாவது 600 ஆள். இத்தாலியில் லான்ஸுக்கு மூன்று பேர்: வீரன், துணைவீரன், ஏவலாள். அந்த மூவர் வழக்கத்தை இத்தாலிக்குக் கொண்டுபோனவர்கள் ஜான் ஹாக்வுட் முதலிய ஆங்கிலேயக் கூலிப்படையினர். பழைய ஆவணங்களை மொழிபெயர்க்கிறவர்கள் இதைக் கவனிக்காமல் ஆள் எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்காகவோ ஆறில் ஒரு பங்காகவோ குறைத்துவிடுவார்கள்.

இத்தாலியப் படைத்தலைவனுக்கு 'கொண்டொத்தியேரே' என்று பெயர். அதன் அடியான 'கொண்டொத்தா' என்பதற்குப் பொருள் ஒப்பந்தம். நேராகச் சொன்னால் 'ஒப்பந்தக்காரன்'. அந்த ஒப்பந்தங்களைப் படித்தால் இன்றைய ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தம் போலவே இருக்கும். எத்தனை லான்ஸ் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணிக்கை, 'ஃபெர்மா' என்ற உறுதியான காலம், அதற்கு மேல் அமர்த்துகிறவர் விரும்பினால் நீட்டிக்கக்கூடிய காலம், ஆள் சேர்க்கவும் குதிரை வாங்கவும் 'பிரெஸ்தான்சா' என்ற முன்பணம், போரில் குதிரை செத்தால் ஈடு. ஆள் எண்ணிக்கையையும் குதிரைகளின் அடையாளத்தையும் சரிபார்க்கத் தனி அதிகாரிகள் இருந்தார்கள். பத்து லான்ஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு எட்டைக் காட்டுவது அன்றைக்கே இருந்த தில்லுமுல்லு.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டி பிரேசியின் 'ஃப்ரீ லான்ஸ்' தனியாள் அல்ல, ஒரு தலைவனுக்குக் கீழே இருக்கும் கூட்டம். பேரம் பேசுகிறவன் தலைவன். இன்றைய கணக்கில் அவன் ஒரு நிறுவனம் நடத்துகிறான். தனியாளாக நின்ற வீரர்களுக்கு இத்தாலியில் வேறு சொல் இருந்தது: 'லான்சே ஸ்பெட்சாத்தே', உடைந்த ஈட்டிகள். தலைவன் செத்துப்போனாலோ ஓடிப்போனாலோ தனித்துவிடப்பட்ட வீரர்கள். 15ஆம் நூற்றாண்டில் இவர்களை அரசுகள் நேரடியாக வேலைக்கு எடுத்துக்கொண்டன. அப்படி எடுத்ததும் அவர்கள் ஏறக்குறைய நிரந்தரப் படை ஆனார்கள். ராணுவத்தில் 'லான்ஸ் கார்ப்பரல்' என்கிறோமே, அதில் இருக்கும் லான்ஸ் இந்த உடைந்த ஈட்டியின் வாரிசு.

#5 மெய்ப்புநோக்கி

ஆறு பேர் கணக்கு புதிது, நன்றி. ஆனால் 1809 கேள்வி அப்படியே நிற்கிறது. ஹியூ மில்லர் என்பவரின் வாழ்க்கை வரலாற்று நூலில் 1809இலேயே இந்தச் சொல் இருக்கிறது, ஆகவே ஸ்காட் முதல் ஆள் இல்லை என்கிறார்கள். அந்த வாக்கியத்தைப் பல பக்கங்கள் வரிமாறாமல் எடுத்துப் போட்டிருக்கின்றன.

#6 அட்டவணை

அதை அடித்துவிடுங்கள். ஸ்காட்லாந்தின் நிலவியலாளர் ஹியூ மில்லர் பிறந்தது 1802, இறந்தது 1856. ஏழு வயதுப் பையனுக்கு 'வாழ்வும் காலமும்' என்று யார் புத்தகம் எழுதுவார்? மின்னூலகப் பதிவில் ஆண்டு தவறாக ஏறியிருக்கும். ஒருவர் அதைப் பார்த்து எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள்.

1819, 1820 இரண்டுமே சரி. நாவல் வெளிவந்தது 1819 டிசம்பரில், தலைப்புப் பக்கத்தில் அச்சானது 1820. பதிப்பாளர்கள் ஆண்டுக் கடைசியில் வெளியிடும்போது அடுத்த ஆண்டைப் போடுவது வழக்கம். உங்கள் பதிவில் '1819 (பதிப்பில் 1820)' என்று எழுதினால் இரண்டு தரப்பும் அடங்கும்.

முதல் ஆட்சியைச் சரிபார்க்க நினைப்பவர்களுக்குச் செய்முறை:

தேடுபொறியில் மூன்று வடிவத்தையும் தனித்தனியாகத் தேட வேண்டும்: இரண்டு சொல்லாகப் பிரித்து, நடுவில் இணைப்புக்கோடு போட்டு, ஒரே சொல்லாகச் சேர்த்து. சொல் வளர்ந்ததும் ஏறத்தாழ இந்த வரிசையில்தான். சேர்த்தெழுதிய வடிவத்தை மட்டும் தேடி, 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லே இல்லை என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறைய. சொல்லெண்ணிக்கை வரைபடங்கள் இணைப்புக்கோட்டைத் தனி உருப்படியாகப் பிரித்துவிடும், அதனால் நடு வடிவம் கணக்கில் வராமலே போகும்.

கிடைத்த பக்கத்தின் படத்தைத் திறந்து கண்ணால் படிக்க வேண்டும். எழுத்துணரி (பக்கப் படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள்) கொடுக்கும் வரியை நம்பக்கூடாது, இரண்டு பத்திகளின் ஓரச் சொற்களை ஒட்டவைத்து ஒரு தொடராகக் காட்டிவிடும். பிறகு தலைப்புப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். இதழ்த் தொகுதிகளில் எல்லா ஆண்டு இதழ்களுக்கும் முதல் தொகுதியின் ஆண்டையே பட்டியலில் ஏற்றியிருப்பார்கள். 1809 போன்ற பேய்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. கடைசியாக, நூலுக்குள்ளேயே அந்த ஆண்டுக்குப் பிந்திய நிகழ்ச்சி ஏதாவது வருகிறதா என்று நாலு பக்கம் புரட்டினால் போதும்.

பொருள் மாறிய வரிசை: 1819இல் கூலி வீரன். 1860களில் எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாத அரசியல்வாதி, சொந்தமாக வாதாடுகிறவர். 1880களில் ஒரே பத்திரிகையில் சம்பளத்துக்கு இல்லாமல் பலருக்கும் எழுதிக்கொடுக்கும் பத்திரிகையாளர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வினைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. நடுவில் இருக்கும் அரசியல் படியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். அது இல்லாமல் ஈட்டி பேனாவாக மாறியது விளங்காது.

#7 சும்மாஇரு

வேலைக்கும் வேலுக்கும் உறவு இருப்பதாக யாரும் இன்னும் சொல்லவில்லையா? வேல் பிடித்தவன் செய்வது வேலை. தமிழன் அன்றைக்கே ஃப்ரீலான்ஸ்.

#8 வேர்தேடி

சொல்லிவிட்டீர்கள், நாளைக்கு இது பத்துக் குழுக்களில் சுற்றும். வேலை என்ற சொல் வேலிலிருந்து வரவில்லை. ஒலி ஒத்துப்போனால் உறவு ஆகாது. ஐரோப்பாவிலும் இதே விபத்து நடந்தது: ஜெர்மானியக் கூலி வீரனான 'லாண்ட்ஸ்க்னெக்ட்' என்பதில் இருப்பது 'லாண்ட்', நாடு. கையில் நீண்ட ஈட்டி இருந்ததால் 'லான்ஸ்' என்று காதில் விழுந்து, அப்படியே எழுதவும் செய்தார்கள்.

'ஜர்னிமேன்' இன்னொன்று. ஊர் ஊராகப் பயணம் போகும் தொழிலாளி என்று விளக்குவார்கள். அது பிரெஞ்சு 'ஜூர்னே', ஒரு நாள். நாள்கூலிக்காரர் என்பதே பொருள். பயிற்சி முடித்து, ஆனால் இன்னும் சொந்தப் பட்டறை வைக்காதவர். ஃப்ரீலான்ஸுக்கு வேலை எண்ணிக்கைக் கணக்கு, ஜர்னிமேனுக்கு நாள் கணக்கு. இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்க்க வேண்டாம்.

#9 ஒற்றுப்பிழை

எழுத்துப்பெயர்ப்பையும் முடித்துவிடுவோம். பிரிட்டிஷ் உச்சரிப்பில் 'லான்ஸ்', அமெரிக்க உச்சரிப்பில் 'லேன்ஸ்' போல ஒலிக்கும். இரண்டும் தவறில்லை, ஒரே பிரதியில் இரண்டையும் கலப்பதுதான் தவறு. ஆய்தம் வேண்டாம் என்பவர்கள் 'பிரீலான்ஸ்' என்று எழுதலாம். 'ப்ரீலான்ஸ்' என்று மெய்யில் தொடங்குவதைவிட அது மேல்.

#10 சொல்வங்கி

தமிழ்ச் சொல்லுக்கு வருகிறேன். புழக்கத்தில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம். எந்தச் சொல்லையும் நான்கு இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: ஆளுக்குப் பெயராக, பெயருக்கு முன் அடையாக, வினைக்கு முன் '-ஆக' சேர்த்து, தொழிலின் பெயராக. நான்கிலும் நிற்காத சொல் அகராதியில் உட்காரும், வாயில் உட்காராது.

'பகுதிநேரப் பணியாளர்': அடித்தது சரி. அது நேரத்தின் அளவு. ஃப்ரீலான்சர் வாரம் அறுபது மணி நேரம் உழைத்தாலும் ஃப்ரீலான்சர்தான்.

'ஒப்பந்தப் பணியாளர்': இதுவும் ஆபத்து. தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு பொருள் உறைந்துவிட்டது, ஒப்பந்தக்காரர் மூலம் நிறுவனத்துக்கு வந்து நிரந்தரம் கேட்டுக்கொண்டிருப்பவர். நேர் எதிரான ஆள்.

'தன்னார்வலர்': சிலர் எழுதுகிறார்கள், வருத்தமாக இருக்கிறது. அது ஊதியம் வாங்காதவர்.

'சுயதொழில் செய்பவர்': பெரிய கூடை. கடை வைத்திருப்பவரும் தையல் இயந்திரம் வைத்திருப்பவரும் ஆட்டோ ஓட்டுபவரும் அதில் வருவார்கள். ஃப்ரீலான்சர் அதன் ஒரு பகுதி. எல்லா ஃப்ரீலான்சரும் சுயதொழிலர், எல்லாச் சுயதொழிலரும் ஃப்ரீலான்சர் அல்லர்.

'சுதந்திரப் பத்திரிகையாளர்': இதில் ஒரு சிக்கல். தணிக்கைக்கு அஞ்சாதவர் என்றும் படலாம், சம்பளப் பட்டியலில் இல்லாதவர் என்றும் படலாம். முதலாவது கருத்து, இரண்டாவது வேலைமுறை.

'கூலிப்படை': சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இதுதான் வரும். குறளின் படைமாட்சிக்கு உரை எழுதும்போது பரிமேலழகர் ஆறு வகைப் படை சொல்கிறார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. அங்கே அது வெறும் வகைப்பெயர். இன்றைக்குச் செய்தித்தாளில் கூலிப்படை என்றால் அரிவாள். ஆங்கிலத்தில் சொல் மேலே ஏறியது, தமிழில் கீழே இறங்கியது.

எனக்குப் பிடித்தது 'கட்டற்ற பணியாளர்'. இதே 'ஃப்ரீ' குழப்பத்தை மென்பொருள்காரர்கள் முன்பே தீர்த்துவிட்டார்கள். 'இலவச மென்பொருள்' வேறு, 'கட்டற்ற மென்பொருள்' வேறு. தமிழ் விக்கிப்பீடியாவும் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்றே சொல்லிக்கொள்கிறது. வேர்தேடி சொன்ன பிரபுவின் கட்டு இல்லாத நிலைக்கு இது அச்சொட்டாகப் பொருந்துகிறது.

#11 கடல்தாண்டி

இலங்கைத் தமிழில் இதுக்கு நெடுநாளாவே ஒரு சொல் இருக்கு: 'சுயாதீன ஊடகவியலாளர்'. பத்திரிகையிலயும் வானொலியிலயும் எல்லாரும் பாவிக்கிறது. புதுசா ஆக்க முதல் இருக்கிறதைப் பாருங்கோ. 'சுயாதீனமாக இயங்குகிறார்' எண்டு வினைக்கு முன்னாலயும் வரும். சொல்வங்கி வைச்ச நாலு சோதனையில மூண்டு தேறும்.

#12 சொல்வங்கி

உண்மை. ஆனால் 'சுயாதீன ஆணைக்குழு', 'சுயாதீனத் திரைப்படம்' என்று வரும்போது அது பக்கச்சார்பின்மையையோ பெருநிறுவனச் சார்பின்மையையோ சொல்கிறது. 'சுதந்திர' என்பதற்கு இருந்த அதே இரட்டைப் பொருள். ஊடகவியலாளருக்கு வைத்துக்கொள்வோம், அங்கே அது வேரூன்றிய சொல். 'சுயாதீன லோகோ வடிவமைப்பாளர்' என்றால் யாருக்குச் சார்பில்லாத லோகோ?

#13 வேர்தேடி

'பணியாளர்' என்ற பின்பாதியை யாரும் கவனிக்கவில்லை. பணி என்பதன் வினை பணிதல். பணிந்து நிற்பது, ஏவியதைச் செய்வது. பணித்தார் என்றால் ஆணையிட்டார். ஆக 'சுதந்திரப் பணி' என்பது 'யாருக்கும் பணியாத பணிவு'. தொழில் என்று மாற்றினால் தப்பிக்கலாம், ஆனால் பக்கத்திலேயே 'தொழும்பு' நிற்கிறது: அடிமை வேலை. வேலைக்குப் பெயர் வைக்கும்போதே எவனோ ஒருவன் மேலே உட்கார்ந்திருக்கிறான், எல்லா மொழியிலும்.

கருத்தளவில் தமிழில் இது புதிதல்ல. சங்க காலத்துப் பரிசிலர், அதாவது பரிசில் நாடிப் போன புலவர்கள், ஒரே வள்ளலுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். புறநானூறு 206இல் அதியமான் பரிசில் தர நேரம் கடத்துகிறான். ஔவையார் வாயில் காவலனைக் கூப்பிட்டுச் சொல்வது: மரம் வெட்டும் தச்சனின் கைத்திறன் உள்ள பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குள் போனது போலத்தான் இது, 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே'. டி பிரேசியின் 'செயல்வீரனுக்கு எப்போதும் வேலை கிடைக்கும்' என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவன் ஈட்டியைச் சொன்னான், இவர் கோடரியைச் சொன்னார். அவன் காலத்தின் அமளியை நம்புகிறான், இவர் கைத்திறனை நம்புகிறார்.

208 இன்னும் கூர்மை. அதே அதியமான் பெருஞ்சித்திரனாரை நேரில் பார்க்காமலே பரிசில் கொடுத்தனுப்புகிறான். புலவர் 'காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்று மறுக்கிறார். காசு போதாதென்று அல்ல, வேலையைப் பார்க்காமல் காசு கொடுத்தான் என்று. 'வாணிகப் பரிசிலன்' என்ற அந்தத் தொடர்தான் நம் ஃப்ரீலான்சருக்கு மிக நெருங்கி வருகிறது. ஆனால் அவர் அதை வசையாகச் சொல்கிறார் என்பதுதான் இடைஞ்சல்.

#14 சும்மாஇரு

நேரம் கடத்தும் வாடிக்கையாளரைச் சமாளிக்க ஔவையார் முறை நல்லது. பெருஞ்சித்திரனார் முறையை வாடகை கட்ட வேண்டியவர்கள் முயல வேண்டாம்.

#15 ஷரத்து

மெய்ப்புநோக்கியின் பட்டியல் ஒப்பந்தப் பத்திரங்களுக்கும் போகும் என்றால் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 'ஃப்ரீலான்சர்' பேச்சுச் சொல். பல நாட்டுச் சட்டங்களில் அதற்குத் தனி இருப்பு கிடையாது, அங்கே வருவது 'இன்டிபென்டன்ட் காண்ட்ராக்டர்', சார்பற்ற ஒப்பந்தக்காரர். ஒரு விதிவிலக்கு நியூயார்க் நகரம். அங்கே 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் பெயரே 'ஃப்ரீலான்ஸ் இஸ்ன்ட் ஃப்ரீ ஆக்ட்', முதல் பதிவில் கேட்ட இலவசக் குழப்பத்துக்கு நகர மன்றம் கொடுத்த பதில். 800 டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். தேதி குறிக்காவிட்டால் வேலை முடித்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும்.

கலிபோர்னியா எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. 2020 ஜனவரியில் அமலான சட்டப்படி, மூன்று நிபந்தனையும் நிறைவேறினால்தான் ஒருவர் சார்பற்றவர்: செய்யும் முறையில் அமர்த்துகிறவரின் கட்டுப்பாடு இருக்கக்கூடாது, வேலை அந்த நிறுவனத்தின் வழக்கமான தொழிலுக்கு வெளியே இருக்க வேண்டும், அவர் அந்தத் தொழிலைத் தனியாக நடத்துகிறவராக இருக்க வேண்டும். இரண்டாவதில் பத்திரிகை எழுத்தாளர்கள் மாட்டிக்கொண்டார்கள், பத்திரிகையின் வழக்கமான தொழிலே எழுத்துதானே. ஒரே இடத்துக்கு ஆண்டுக்கு 35 ஆக்கங்கள் வரை விலக்கு என்று முதலில் எழுதி, அதே ஆண்டு செப்டம்பரில் அந்த எண்ணை எடுத்துவிட்டார்கள்.

ஜெர்மன் ஆவணம் என்றால் இன்னும் கவனம். 'ஃப்ரைபெருஃப்ளர்' என்பதை ஃப்ரீலான்சர் என்று பெயர்ப்பது வழக்கமான தவறு. அது வருமான வரிச் சட்டத்தின் 18ஆம் பிரிவு பட்டியலிடும் மருத்துவர், வழக்கறிஞர், கட்டடக் கலைஞர், மொழிபெயர்ப்பாளர் போன்ற தொழில்கள். வணிக வரி கட்ட வேண்டாம். சொந்தக் கிளினிக்கில் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கும் மருத்துவரும் அதில் வருவார். நாம் சொல்லும் ஆளுக்கு அங்கே 'ஃப்ரையர் மிட்டார்பைட்டர்' என்பதுதான் பக்கத்துச் சொல்.

தமிழில் பத்திரம் எழுதும்போது 'கட்டற்ற', 'சுயாதீன' எதுவும் வேண்டாம். முதல் ஷரத்தில் 'சேவை வழங்குநர்', 'சேவை பெறுபவர்' என்று வரையறுத்துவிட்டுக் கடைசிவரை அதையே எழுதுங்கள். கெடுவது எங்கே என்றால், மேலே சார்பற்றவர் என்று எழுதிவிட்டுக் கீழே 'சம்பளம்', 'விடுப்பு', 'பணிநீக்கம்', 'மேலதிகாரி' என்று பழக்கத்தில் எழுதிவிடுவார்கள். வழக்கு வந்தால் நீதிமன்றம் தலைப்பைப் பார்க்காது, நடைமுறையைத்தான் பார்க்கும். அந்த நடைமுறைக்குச் சாட்சி இந்தச் சொற்கள்தான். சம்பளம் என்ற இடத்தில் கட்டணம், விடுப்பு என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை, பணிநீக்கம் என்ற இடத்தில் ஒப்பந்த முடிப்பு.

'ஒர்க்' என்று வரும் இடமெல்லாம் 'வேலை' என்று போடாதீர்கள். பதிப்புரிமை ஷரத்தில் அது 'படைப்பு'. பல நாடுகளில் ஊழியர் செய்தது நிறுவனத்துக்குச் சொந்தம், சார்பற்றவர் செய்தது எழுதிக்கொடுக்கும் வரை அவருக்கே சொந்தம். 'வேலை ஒப்படைக்கப்படும்' என்று மொழிபெயர்த்தால் கோப்பு கை மாறியதா, உரிமை கை மாறியதா என்று சண்டை வரும். 'நெட் 30' என்பதற்கு 'விலைப்பட்டியல் தேதியிலிருந்து 30 நாளுக்குள்' என்று முழுதாக எழுத வேண்டும். வெறும் '30 நாள்' என்றால் வேலை முடிந்த நாளிலிருந்தா, ஏற்றுக்கொண்ட நாளிலிருந்தா? 'கில் ஃபீ' என்பது கேட்டு வாங்கிய கட்டுரையைப் போடாமல் விட்டால் தரும் பகுதித் தொகை. 'ரத்துக் கட்டணம்' என்றால் எழுதியவர் கட்ட வேண்டியது போல ஒலிக்கும். 'கைவிடு தொகை' பரவாயில்லை.

#16 பழம்பட்டயம்

ஷரத்து 'ரிடெய்னர்' என்பதை விட்டுவிட்டார். வேலை வந்தாலும் வராவிட்டாலும் கையிருப்பில் இருப்பதற்காக மாதாமாதம் தரும் தொகை. அதே வடிவம் ஆளைக் குறிக்கும்போது இடைக்காலப் பிரபுவின் சொந்த ஆள், அவர் சின்னத்தை அணிந்து நின்றவன். இரண்டும் 'பிடித்து வைத்தல்' என்ற வினையிலிருந்து வந்தவை. சொல்லின்படி பார்த்தால் ஃப்ரீலான்சர் ரிடெய்னர் வாங்கிய அன்றே மறுபடி பிரபு வாசலுக்குப் போய்விட்டார்.

#17 மெய்ப்புநோக்கி

இதுவரை வந்ததை வைத்து இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

ஃப்ரீலான்ஸ்: ஒரே அமர்த்துநரிடம் நிலையாகச் சேராமல், வேலைக்கு வேலை கட்டணம் பேசிப் பலருக்கும் செய்துகொடுத்தல். ஆள்: கட்டில்லாப் பணியாளர், ஊடகத்தில் சுயாதீன ஊடகவியலாளர், பத்திரங்களில் சேவை வழங்குநர். பகுதிநேரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர், தன்னார்வலர் ஆகியவை பொருந்தா. சொல் வரலாறு: 1819 (பதிப்பில் 1820), விசுவாசப் பிரமாணம் செய்யாத கூலி வீரன்.

#18 ஒற்றுப்பிழை

'கட்டில்லா' வேண்டாம். இலக்கணப்படி ஒற்று மிகுந்து 'கட்டில்லாப் பணியாளர்' என்பது சரிதான். ஆனால் வேகமாகப் படித்தால் படுக்கக் கட்டில் இல்லாதவர். 'கட்டற்ற பணியாளர்' என்றே வையுங்கள், அங்கே ப் மிகாது.

#19 கடல்தாண்டி

'அமர்த்துநர்' எண்டதையும் ஒருக்காப் பாருங்கோ. இலங்கையில 'தொழில்தருநர்' எண்டு எழுதுறது, அது ஆளை நிரந்தரமா வேலைக்கு எடுக்கிறவர். இஞ்ச ரெண்டு பக்கமும் வேணும்: நிலையாச் சேரேல்லை எண்ட இடத்தில 'தொழில்தருநர்', கட்டணம் பேசுற இடத்தில 'வாடிக்கையாளர்'.

#20 மெய்ப்புநோக்கி

இரண்டையும் மாற்றிவிட்டேன். 'ஸ்ட்ரிங்கர்' (சம்பளத்துக்கு இல்லாமல் செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் செய்தியாளர்) அடுத்த பதிவு. அச்சான செய்தியின் நீளத்தை நூல் கயிற்றால் அளந்து காசு கொடுத்ததால் வந்த பெயர் என்ற விளக்கம்தான் எல்லா இடத்திலும் இருக்கிறது. 1809 அனுபவத்துக்குப் பிறகு அதை அப்படியே எடுத்துப் போட மனம் வரவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அட்டவணை அங்கே வரவும்.